எழுந்திருக்கும் நாள்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: அரிசோனாவில் மரணம் ஒழிந்துவிட்டது.

அறிவித்தவர் கறுப்புக் கோட்டுக்காரர் கிளேடன். வென்டல் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார். வென்டலுக்கு டாக்டர் வைத்த கெடு மூன்று மாதம்.

"நீங்க சாகல சார், தூங்கப் போறீங்க. ஒருநாள் நோயில்லாத உடம்போட எழுந்திருப்பீங்க."

"எந்த நாள்?"

"அது யாருக்கும் தெரியாது. ஆனா வரும்."

"இதுவரைக்கும் யாராவது எழுந்திருக்காங்களா?"

"முதல்ல நம்பணும் சார்."

"கையெழுத்துப் போடுங்களேன்," என்று கெஞ்சினாள் மனைவி மார்லிஸ். "நான் போட்டாச்சு. அங்க தனியா எழுந்து நான் என்ன பண்றது?"

கிளேடன் பையைத் திறந்தார். எடுத்தது பைபிள் அல்ல, எஃகு வளையம்.

"மேடம் மாதிரி இதைக் கையில போட்டுக்கங்க. மூச்சு நின்னதும் இதுல இருக்கற நம்பருக்கு அடிச்சா போதும், எங்க ஆளுங்க ஐஸோட வந்துடுவாங்க. அப்புறம் உடம்பை உறைய வச்சு, மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரியில தொட்டிவாசம். விஞ்ஞானம் வந்து எழுப்பும்."

வென்டல் வளையத்தைத் தள்ளி வைத்தார்.

கிளேடன் பெருமூச்சு விட்டார். "சொர்க்கத்தை நம்பறவங்க எல்லாரும் இப்படித்தான் தயங்கறாங்க. நீங்க வேற நாற்பது வருஷம் பாஸ்டரா இருந்தவர்."

"அதுக்கில்ல தம்பி. நீ சொன்னது அத்தனையும் நாற்பது வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம நான் சொன்னது. ஒருநாள்கூட நான் அதை நம்பினதில்ல."

நாற்பது வருஷமும் முதல் வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொன்ன மார்லிஸ், கை வளையத்தைக் கழற்றி டீ தட்டில் வைத்தாள்.