உடனே ஒப்படைக்க வேண்டும்

"கட்ட வேணாம் ஜெயமணி. கயித்தக் கீழ போடு. கையும் வைக்கக் கூடாது. தண்ணி மட்டும் குடு."

காளிமுத்து இப்படிச் சொன்னதும் ஜெயமணியின் முகம் தொங்கிப்போயிற்று. கோயில் தலைவர் என்ற முறையில் திருடனுக்கு முதல் அறை தன்னுடையதுதான் என்று அவர் நம்பியிருந்தார்.

மலாக்காவில் லூபோக் சீனாவை ஒட்டிய செம்பனைத் தோட்டம் அது. முனியாண்டி கோயில் சாமான் அறையில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒருவன் பதுங்கியிருந்து மாட்டிக்கொண்டான். முப்பது வயதிருக்கும். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது, ஒரு காலில் செருப்பில்லை. பெயர் தினேஸ்வரன் என்றான். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. போன மாதம்தான் கோயில் மணி காணாமல் போயிருந்தது. அரிவாளோடு உட்கார்ந்திருந்தும் மணியைக் கோட்டைவிட்டுவிட்டாரே என்று தோட்டத்தில் முனியாண்டி மேலேயே கொஞ்சம் வருத்தம் இருந்தது.

காளிமுத்து தோட்டத்தின் பழைய ஜாகா. காவல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எல்லாவற்றையும் ஒப்படைத்தவர், டார்ச் லைட்டை மட்டும் மறந்துவிட்டார். சட்டம் அவருக்கு மனப்பாடம். அந்தப் பாடத்துக்கு அவர் கட்டிய கட்டணம், மகன் பவன். டுரியான் பழம் திருடியவனைப் பிடித்து ஸ்டோரில் விடிய விடியக் கட்டிப்போட்டான் பவன். விடிந்தபோது திருடன் பிணமாகக் கிடந்தான். பவன் இப்போது சிறையில். அப்பீல் அடுத்த மாதம். இந்த நேரத்தில் அப்பன் மேலும் ஒரு கேஸ் விழுந்தால், குடும்பமே இப்படித்தான் என்று கதை முடிந்துவிடும்.

யார் வேண்டுமானாலும் குற்றவாளியைப் பிடிக்கலாம், ஆனால் குற்றம் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும். அடிக்கக் கூடாது, வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். வக்கீல் சொன்னது இது. அதில் 'கண் முன்னால்' என்ற பகுதியை மட்டும் காளிமுத்து அன்று மத்தியானம் ஓரமாக வைத்துவிட்டார். அவர் கண் முன்னால் நடந்தது, ஒரு மனிதன் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது மட்டும்தான்.

ஸ்டேசனுக்குப் போன் போட்டாயிற்று. அடிக்க முடியாத ஏக்கத்தில் ஜெயமணி, பிடிபட்டவனைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். பாயா ரும்புட்டிலிருந்து மச்சான் வாழ்த்துச் சொன்னார். தெங்கேராவிலிருந்து முகம் தெரியாத யாரோ கட்டைவிரல் உயர்த்தினார். போலீஸ் வருவதற்குள் படம் மலாக்காவை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது.

தினேஸ்வரன் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். "அங்கிள், என்னைக் கட்டிக்கூட வைங்க, பரவால்ல. ஆனா நீங்களே மோட்டர்ல ஏத்திட்டுப் போய் ஸ்டேசன்ல விடுங்க. வேற யார் கைலயும் குடுத்துறாதீங்க."

"வழியில நீ குதிச்சு ஓடுவ. உன் காலு ஒடஞ்சா என் தலைதான்லா உருளும்," என்றார் காளிமுத்து.

சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் சீருடையில் இல்லை. இடுப்பில் விலங்கு தொங்கியது. இன்ஸ்பெக்டர் காந்தன் என்று சொல்லிக்கொண்டார். சப்பாத்தைக் கழற்றி, முனியாண்டியைக் கும்பிட்டு, விபூதி பூசிக்கொண்டுதான் உள்ளே வந்தார். யாராவது ஆளை அடித்தீர்களா என்பதே அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றதும் காளிமுத்துவின் தோளைத் தட்டினார்.

"சட்டம் தெரிஞ்ச ஆளு அங்கிள் நீங்க."

காளிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்தது. பவன் கேஸ் நடந்த கோர்ட்டில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை.

தினேஸ்வரன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "அவரோட போலீஸ் கார்டக் கேளுங்க அங்கிள். கலரப் பாருங்க."

கேட்பது முறைதான். காளிமுத்து பணிவாகக் கேட்டார். காந்தன் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு எடுத்து நீட்டினார். படம், பெயர், முத்திரை எல்லாம் சரியாகவே இருந்தன.

"சிவப்பு அங்கிள். சிவப்பு." காந்தன் ஓர் அடி நெருங்கியதும் தினேஸ்வரன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

அந்த ஒரு சொல்லில் காளிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இதே தோட்டத்தில் பிறந்தவர் அவர். பிறந்ததற்குப் பத்திரம் இல்லாததால், தலை நரைக்கும் வரை அவர் பையில் இருந்தது சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டை. குடிமக்களுக்கு நீலம், அவருக்குச் சிவப்பு. பேங்கானாலும் ஆஸ்பத்திரியானாலும், கவுண்டரில் முதலில் அட்டையின் நிறத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

"சிவப்புன்னா என்னாடா? சிவப்புக் கார்டு வச்சிருந்தா மனுசன் இல்லையா? நானும் வச்சிருந்தவன்தான்."

அட்டையை இரண்டு கைகளாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். தினேஸ்வரன் விலங்குக்குக் கைகளைத் தானே நீட்டினான். இருந்த ஒற்றைச் செருப்பையும் கோயில் வாசலில் கழற்றி விட்டுவிட்டுக் காரில் ஏறினான்.

காளிமுத்து ஒரு டீ போட்டுக்கொண்டார். இந்தத் தடவை எல்லாம் சட்டப்படி நடந்திருந்தது.

டீ ஆறுவதற்குள் இன்னொரு வண்டி வந்தது. சீருடையில் ஒரு இளம் போலீஸ்காரர் இறங்கினார், பெயர் புவனேஷ். பிடித்த ஆள் எங்கே என்று கேட்டார். காளிமுத்து இப்போது தேர்ந்தவர். முதலில் கார்டைக் காட்டச் சொன்னார்.

"என்னா இது, மஞ்சளா இருக்கு? உங்க இன்ஸ்பெக்டர் காந்தன் வந்து ஆளக் கூட்டிட்டுப் போயிட்டாரே. அவரோடது சிவப்பு."

புவனேஷ் தன் கார்டைத் தட்டிக் காட்டினார். "எங்கள மாதிரி சாதாரண போலீசுக்கு மஞ்சள், இன்ஸ்பெக்டருக்கு நீலம் அங்கிள். வேலையிலேர்ந்து நிறுத்தி வச்ச ஆளுக்குத்தான் சிவப்பு. அவரு யாரையும் பிடிக்க முடியாது."

ஜெயமணி போனிலிருந்த படத்தை நீட்டினார். அதைப் பார்த்ததும் புவனேஷ் தொப்பியைக் கழற்றினார்.

"காந்தன் லாக்கப்புல ஒருத்தர அடிச்சுக் கொன்னதுக்கு இவர் ஒருத்தர்தான் சாட்சி. இவருக்குப் பாதுகாப்புக் குடுக்கத்தான் காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கோம்."