மேரிஜோசப்பினின் மரபணு

“பெட்டிக்குள்ள வைக்கேக்க எனக்குக் கூறைச்சீலைதான் உடுத்தவேணும். இப்பவே சொல்லிப்போட்டன்!”

சாகப்போகிறவள் நாரந்தனையில் போட்ட சத்தம் அடுத்த ஊரான சுருவில் வரைக்கும் கேட்டிருக்கும். முற்றத்தில் நண்டுகளைப் புரட்டி வயிற்றைப் பார்த்து, ஆண் ஒரு கூடை, பெண் ஒரு கூடையாகப் போட்டுக்கொண்டிருந்த அம்புறோஸ் ஒன்றைக் கூடை மாற்றிப் போட்டார். மனைவி மேரிஜோசப்பின் இல்லாத வீட்டை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

எல்லாம் மகள் நிமலினியின் மடிக்கணினியால் வந்த வினை. சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறவள், சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு முதல் தடவையாக நத்தார்ப் பண்டிகைக்கு வந்திருந்தாள். வேளாங்கண்ணி நேர்த்திக்கு அங்கே போன தாயிடமும் ரத்தம் எடுத்து வைத்திருந்தாள். இன்றைக்குத்தான் மென்பொருள் வாயைத் திறந்தது.

அம்புறோஸ் ஒரு நண்டோடு எழும்பி வந்து மகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டார். “வடிவாச் சொல்லு பிள்ளை. இந்தச் சனியன் என்னெண்டு கண்டுபிடிக்குது?”

நிமலினி மூக்கை உறிஞ்சினாள். “உங்கட கூடையள் மாதிரித்தான் அப்பா. ஒண்டில புற்றுநோய்க்காரர் நாப்பது பேர், மற்றதில சுகமான நாப்பது பேர். ஒரு கூடையில மட்டும் வேலை செய்யிற மரபணு எதெண்டு மென்பொருள் தேடும். ஒண்டு அகப்பட்டிட்டுது. நோய்க்காரர் நாப்பது பேரிலயும் வேலை செய்யுது, மற்ற ஒருத்தரிலயும் இல்லை. அம்மாவிலயும்…”

“ஆரின்ர ரத்தமடி அதெல்லாம்?”

“நோயுள்ளது மார்புப் புற்றுநோய் வாட்டில எடுத்தது. சுகமானது எங்கட பெடியங்கட விடுதியில. பிரியாணிப் பாசலுக்கு வரிசையில நிண்டு குடுத்தவங்கள்.”

உள்ளே மரண அறிவித்தலுக்குப் படம் தெரிவு நடந்தது. “கண்ணாடி போட்ட படம் வேண்டாம்! கனடாவில என்ர தங்கச்சி பாத்துச் சிரிப்பாள்!”

அம்புறோஸ் கையிலிருந்த நண்டைப் புரட்டினார். முற்றத்துக் கூடைகளைப் பார்த்தார். பிறகு மகளின் காதில் என்னவோ கேட்டார். அவள் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

“இஞ்சேரப்பா! சீலையை மடிச்சு அலுமாரிக்குள்ள வையும்!”

“ஏன், அந்த மெசின் இப்ப என்ன சொல்லுதாம்?”

“நீர் பொம்பிளையெண்டு சொல்லுது. அதை நான் முப்பது வரியத்துக்கு முன்னமே கண்டுபிடிச்சிட்டன்!”