ஹெர்பர்ட்டின் கெட்ட வார்த்தைகள்

"இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடுங்க, ஹெர்பர்ட்."

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் சொல்லிவிட்டாள் பிரிஜெட். வீட்டுக்காரம்மா என்றால் சும்மாவா?

ஹெர்பர்ட் திகைத்துப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். மனைவியை இழந்தவர். சர்ச்சில் பாடும்போதுகூட பக்கத்தில் நிற்பவர் குரலை அமுக்கிவிடக் கூடாது என்று மெதுவாகப் பாடுகிற மனுஷன்.

"நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?"

"அதை என் வாயால வேற சொல்லணுமா? கொஞ்ச நாளா கேட்டுட்டுதான் இருக்கேன். சாயங்காலமானா, 'ஏய் நில்லுடி', 'ஓடினா விட்டுருவேனா'ன்னு ஒரே கூச்சல். உள்ள யாரு இருக்கா?"

"யாருமில்ல மேடம். கண்ணாடி முன்னாடி நின்னு பிராக்டிஸ் பண்றேன்."

"எதுக்கு?"

"பொண்ணுங்ககிட்ட வம்பு பண்றதுக்கு."

பிரிஜெட் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இத்தனை காலம் மரியாதையாக வாழ்ந்த வீட்டில், குடிவைத்தது இப்படி ஓர் ஆளையா!

"ஐயோ, நிஜமா இல்ல மேடம்! எனக்குச் சொல்லத் தெரியல. இப்ப சர்ச் ஹாலுக்குத்தான் கிளம்பறேன். ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறமும் போகச் சொன்னா போயிடறேன்."

கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஆயிற்று என்று அவளும் கிளம்பினாள்.

ஹாலில் இளம்பெண்கள் கூட்டம். முக்கால்வாசிப் பேர் ஐ.டி. கம்பெனிக்காரிகள். ஹெர்பர்ட் உள்ளே போய், கை கால் மார்பு எல்லாம் பஞ்சு வைத்த உடுப்பும் தலையில் ஹெல்மெட்டுமாக, மெத்தைக்குக் கால் முளைத்த மாதிரி வந்து நின்றார்.

தற்காப்புப் பயிற்சி தருகிற நிருபமா கைதட்டினாள்.

"ரூல் ஞாபகம் இருக்கா? வாயால வம்பு பண்ணா கை ஓங்கக் கூடாது. சத்தம் போடணும், விலகணும், 112க்குப் போன் பண்ணணும். மேல கை வச்சாத்தான் அடி. அதுவும் தப்பிச்சு ஓடற அளவுக்குத்தான்."

ஹெர்பர்ட் போய் சிந்து என்ற பெண்ணின் கையைப் பிடித்தார். முழங்காலால் ஓர் இடி. மனுஷன் சுருண்டு விழுந்தார். விழுந்தவருக்கு இன்னொரு உதை. நிருபமாவின் விசில் கத்தியது.

"ஏன் மேம்? அவன் பண்ணதுக்கு இன்னும் நாலு போடணும்!" என்றாள் சிந்து.

"அவன் விழுந்தாச்சு, ஆபத்து போயாச்சு. முதல் அடி உன்னைக் காப்பாத்திக்க. அதுக்குச் சட்டம் உன் பக்கம் நிக்கும். ரெண்டாவது பழிவாங்க. அதுக்கு ஸ்டேஷன்ல நீதான் பதில் சொல்லணும்."

"பரவால்ல, வலிக்கல" என்று முனகியபடி எழுந்தார் ஹெர்பர்ட். பிரிஜெட்டுக்கே பாவமாகிவிட்டது.

"அடுத்தது வாய் வம்பு. ஹெர்பர்ட் சார், ஆரம்பிங்க."

ஹெர்பர்ட் தொண்டையைச் செருமினார். "ஏம்மா... தனியா எங்க போறீங்க?"

ஹாலே கொல்லென்று சிரித்தது. "அங்கிள், துணைக்கு வர்றேன்னு சொல்ற மாதிரி இருக்கு!" என்றாள் சிந்து.

நிருபமா மட்டும் சிரிக்கவில்லை. பிரிஜெட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடி வாங்க இவரைத் தவிர யாரும் வரல ஆன்ட்டி. ஆனா இவருக்குக் கெட்ட வார்த்தை பேசத்தான் வாய் வரல. நிஜத்துல அந்த மாதிரி வார்த்தை காதுல விழுந்ததும் உடம்பு மரத்துப் போகுது, குரலே எழும்ப மாட்டேங்குது. சிந்துவுக்கே அப்படித்தான் ஆச்சு. அதையும் இங்கயே கேட்டுப் பழகினாத்தான் வெளியில தைரியமா நிப்பாங்க."

ஹெர்பர்ட் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை. "வீட்டுல வருது மேடம். இந்தப் பிள்ளைங்க முகத்தைப் பார்த்தா வரமாட்டேங்குது."

பிரிஜெட் எழுந்து நேராக சிந்துவிடம் போனாள். பின்னால் உரசுகிற மாதிரி நின்றாள். குனிந்து, அவள் காதோரம், இளித்துக்கொண்டே நாலு வார்த்தை சொன்னாள்.

அதை இங்கே எழுதினால் பத்திரிகையை வீட்டுக்குள் வைக்க முடியாது.

சிந்துவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. ஒரு கணம்தான். அடிவயிற்றிலிருந்து, "தள்ளி நில்லு!" என்று ஒரு கத்தல் போட்டு விலகினாள். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சபாஷ்!" என்று குதித்தாள் நிருபமா. அப்புறம்தான் பிரிஜெட்டைத் திரும்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி... உங்களுக்கு எப்படி இதெல்லாம்?"

"கத்திச் சொல்ல மாட்டானுங்கம்மா. இப்படித்தான், காதுகிட்ட, சிரிச்சுக்கிட்டே. கல்யாணத்துக்கு முன்னாடி வேலைக்குப் போனப்ப, சிவாஜிநகர் பஸ்ல தினமும் கேட்டது. எனக்குக் குரலே வரல. அடுத்த ஸ்டாப்ல இறங்கி அழுதுட்டே நடப்பேன். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

சிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரிஜெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெர்பர்ட் பக்கம் திரும்பினாள்.

"வீட்டைக் காலி பண்ண வேணாம். சாயங்காலம் கீழ வாங்க, கெட்ட வார்த்தையை நானே சொல்லித் தரேன்."