உப்புக்கு ஒரு மன்னிப்பு

வேதாரண்யத்தில் அன்றைக்கு ஏழாவது வார்டின் முறை. லண்டன் அனுப்பிவைத்த மன்னிப்பு அதிகாரி டங்கன், வீடு வீடாக ஏறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். தியாகேசன் வீட்டுக்குச் சேர வேண்டியது தடியடிக்கான மன்னிப்பு. ஒரு கை உப்பை அள்ளியதற்காக, அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனாரின் மண்டையை வெள்ளைக்கார சர்க்கார் உடைத்திருந்தது.

"அவர் கேட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூடாது" என்று மனைவி புனிதவதி ஒரு வாரமாகச் சொல்லிவைத்திருந்தாள்.

டங்கன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தியாகேசன் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. வீட்டின் ஒரே நல்ல நாற்காலி டங்கனுக்குப் போயிற்று. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாதே என்று புனிதவதியும் வடை சுட்டிருந்தாள்.

டங்கன் ஒரு கடி கடித்தார். கற்றுக்கொண்டு வந்த தமிழில், "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

"மன்னிச்சிடுங்க துரை" என்று தியாகேசன் கையைப் பிசைந்தார். "ஃபேன் வேற மெதுவாத்தான் ஓடும். அதுக்கும் மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லை" என்று தியாகேசனின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, டங்கன் படிவத்தை நீட்டினார். புனிதவதி பின்னாலிருந்து கணவர் முதுகைக் கிள்ளினாள். அதற்குள் 'மன்னிப்புக் கேட்டவர்' என்ற இடத்தில் தியாகேசன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

படிவத்தில் இன்னும் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. 'மன்னித்தவர்' என்ற அந்த இடத்தில் டங்கன் பெருந்தன்மையோடு கையெழுத்துப் போட்டார்.