நானூறாவது குழாய்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய சுகாதார நிலையத்தில், 2005ஆம் ஆண்டு எச்.ஐ.வி. கண்காணிப்புக்கு அது கடைசி நாள். கர்ப்பிணிகளின் ரத்தம் நானூறு குழாய் சேராவிட்டால் அடுத்த ஆண்டு நிதி கிடையாது. லேப் டெக்னீஷியன் ஷாகிரா முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரிடம் எடுத்திருந்தாள். இந்த மழையில் இனி யாரும் வரப்போவதில்லை.

ஐஸ் பெட்டியை மூடும்முன் எண்ணினாள். நானூறு இருந்தது. கடைசிக் குழாய் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

“யாரோடதுக்கா இது?”

“பேரு எழுதக்கூடாதுன்னுதானே ரூல்ஸு? எனக்கு எப்டித் தெரியும்? நம்பர் போட்டு அனுப்பும்மா,” என்றார் நர்ஸ் கோமதி.

நானூற்றிலும் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. நிதியும் வந்தது.

மறு ஆண்டு முதல் நாள், கழுவிப் பூட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு குழாய் வெதுவெதுப்பாக இருந்தது.

ஷாகிரா அதில் எண் ஒன்று என்று எழுதி ஒட்டினாள். இந்த முறை முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் வந்தால் போதும்.