மேல்மாடத்தில் அக்கா

பார்மா நகரத்து ஓபரா அரங்கின் உச்சி மாடத்தில் அமர்ந்து ஒர்னெல்லா கூரையையே பார்க்கிறாள். மேடை வெளிச்சத்தில் தங்கப் பூவேலைகள் மினுங்குகின்றன. கீழே அவள் தம்பி முதன்முறையாகப் பாடுகிறான். பாட்டின் உச்ச ஸ்வரம் நெருங்குகிறது. அது பிசிறினால் இந்த மாடமே சீழ்க்கையடித்து அவனை விரட்டிவிடும். "பாட்டு கீழ நடக்குதும்மா. மோட்டுல என்னத்தத் தேடுற?" என்கிறார் பக்கத்து இருக்கையில் இருக்கும் முடிதிருத்துபவர் எர்கோலே. "அழகா இருக்குங்க." "அது எங்க ஓடிப்போகுது? பையன் தேறுவானான்னு பாரு." அவள் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றுகிறாள். ஸ்வரம் எழுகிறது, ஆடாமல் நிற்கிறது, ஐந்து அடுக்கு மாடங்களையும் நிறைத்து அடங்குகிறது. எர்கோலே துள்ளி எழுகிறார். "இன்னொருக்கா பாடுடா, மவனே!" மாடம் முழுவதும் அதையே கத்துகிறது. தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாத்தியக்காரர்களுக்குத் தலையசைக்கிறான். அதே உச்ச ஸ்வரத்தை அவன் இன்னொரு முறை எட்டியாக வேண்டும்; ஒர்னெல்லா மறுபடியும் கூரையைப் பார்க்கத் தொடங்குகிறாள்.