மிஸஸ் ஓல்ட்ராய்ட்

வீட்டுக்காகத்தான் வந்திருக்கிறான், வேறெதற்கு வருவான் என்று நினைத்தபடியே மேவிஸ் டீயை ஊற்றினாள். இந்த வீட்டில் தன்னோடு வாழ்ந்த கிளிஃபர்ட் ஓல்ட்ராய்டைப் புதைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் முன்பின் தெரியாத ஒருவன், நீல் ஓல்ட்ராய்டாம், சமையலறையில் வந்து உட்கார்ந்திருக்கிறான். யார்க்‌ஷயரின் இந்தப் பள்ளத்தாக்கில் ஓல்ட்ராய்டுகளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் இவன் கிளிஃபர்டின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ அவரோட பையனா? மழுப்பாம சொல்லு, கண்ணு.”

“இல்லைங்க, எங்கப்பா வேற. அம்மாதான் அவரோட மொத சம்சாரம். பிரிஞ்சப்புறமும் அந்தப் பேரை விடல. அதுவே எனக்கும் வந்துடுச்சு.”

“வீடு என் பேர்ல இருக்கு.”

“இந்த ஈரத்துல யாருங்க இருப்பா? நீங்களே வெச்சுக்குங்க.” அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “அம்மா திங்கக்கிழமை போயிட்டாங்க. ஓல்ட்ராய்ட் குடும்பக் கல்லறையில இன்னும் ஒருத்தருக்குத்தான் இடம் இருக்காம். அவர் பக்கத்துல படுக்கணும்னு அம்மாவுக்கு ஆசை. கல்லறை உங்க பேர்ல இருக்கு, நீங்க சரின்னா போதும்னு பாதிரியார் சொன்னார், மிஸஸ் ஓல்ட்ராய்ட்.”

கடைக்காரரும் தபால்காரரும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளே அதைப் பாதி நம்பிவிட்டிருந்தாள்.

“உங்கம்மா விவாகரத்து கேக்கல, இவரும் கேக்கல. எங்களுக்குக் கல்யாணமே ஆகல, கண்ணு. முப்பது வருஷமா நான் வெறும் மேவிஸ் பிரைஸ்தான்.”

நீல் மறுபடியும் கிளிஃபர்டின் படத்தைப் பார்த்தான்.

“பேரை உங்கம்மாவே கொண்டு போகட்டும்,” என்றாள் அவள் மெதுவாக. “அந்த இடத்தை நான் தர மாட்டேன்.”